ஒன்பது பனியன் போட்ட பயணி

1991 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வளைகுடாவில் குண்டு விழுந்தது. அது திருப்பூர் ராயபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த சின்ன பனியன் கம்பெனிக்கு வந்து வெடிக்க ஒரு நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை டிராவல்ஸ் நல்லான் போன் செய்தான்.

போனை எடுத்தவன் பசீர் அகமது. கம்பெனியில் பாதிப் பங்கு அவனுடையது. மீதிப் பாதி ஆத்தப்பனுடையது. பல்லடத்துப் பக்கம் இருந்த விவசாயக் காட்டை அடமானம் வைத்துத் தொழிலுக்கு வந்தவர். இரண்டு பேரும் ஆறு வருசமாக அடுத்தவர்களின் ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்தே காலம் தள்ளினார்கள். ஆர்டர் பிடித்தவனுக்கு லாபம், இவர்களுக்குக் கூலி. இப்போதுதான் முதல் தடவையாக ஜெர்மனியிலிருந்து ஹெல்கா என்று, மொத்தமாகத் துணி வாங்குகிற பையர் அம்மாள் ஒருத்தி, சாம்பிளோடு நேரில் வாருங்கள் என்று டெலக்ஸ் அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமை பிராங்பர்ட்டில் பார்க்க வேண்டும். மறுநாள் அவள் போர்ச்சுகல் போய்விடுவாள். அங்கேயும் பனியன் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை சாம்பிள் அவள் மேசையில் இல்லையென்றால் இவர்கள் மறுபடியும் கூலிக்குத் தைக்க வேண்டியதுதான்.

நல்லான் இரண்டு சேதி சொன்னான். சண்டையால் பாதி விமானங்கள் ரத்து. ஞாயிற்றுக்கிழமை பம்பாயிலிருந்து பிராங்பர்ட்டுக்கு ஒரே ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறான். மத்தியானத்துக்குள் பெயர் சொன்னால் டிக்கெட் எழுதிவிடுவான். இது முதல் சேதி. இரண்டாவது சேதியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கையில ஒரு பைகூடக் கொண்டு போக உடமாட்டாங்களாமுங்க. ரேடியோ, கேமரா, பேட்டரி ஒண்ணும் ஆகாது. பாஸ்போர்ட், டிக்கெட், மருந்து, உடுத்தின துணி. அவ்வளவுதானுங்க."

பெட்டியை விமானத்தின் வயிற்றில் போடலாம். ஏறுவதற்கு முன்னால் வெயிலில் நின்று இது என்னுடைய பெட்டி என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். ஆள் காட்டாத பெட்டியைக் குண்டு என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். காட்டிய பெட்டியும் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பக்கத்துச் சந்து அழகுமலை சண்டை வருவதற்கு முன்னாலேயே, போன வாரம் பாரீஸ் போனார். அவர் போனார், அவருடைய சாம்பிள் பெட்டி போகவில்லை. கையை வீசிக்கொண்டு போய், கையை வீசிக்கொண்டே திரும்பி வந்தார். பெட்டி இன்னும் பம்பாயில் கிடக்கிறது.

பசீர் போனை வைத்துவிட்டு ஆத்தப்பனைப் பார்த்தான். ஆத்தப்பன் புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போவது ஆத்தப்பன் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். காட்டை வைத்தவர் அவர், வயதில் மூத்தவர் அவர். பல்லடத்துச் சொந்தக்காரர்கள் பேப்பரில் கால் பக்க விளம்பரம் கொடுத்துவிட்டார்கள். கோட்டும் டையும் போட்ட ஆத்தப்பன் சிரிக்கிறார், பக்கத்தில் ஒரு விமானம் பறக்கிறது, கீழே மேலைநாட்டுப் பயணம் வெற்றி பெற வாழ்த்துகிறவர்களின் பெயர்கள். முதல் தடவை வெளிநாடு போகிறவனுக்குத் திருப்பூரில் அந்த விளம்பரம்தான் பாதி விசா.

விசா இருவருக்குமே எடுத்து வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் போகலாம் என்ற கணக்கு. பசீருக்கு ஏற வேண்டும் என்ற ஆசை ஆத்தப்பனைவிடப் பத்து மடங்கு. குவைத்துக்குப் போகிறேன் என்று பாஸ்போர்ட் எடுத்து வருசங்கள் ஆகின்றன. குவைத்தும் போகவில்லை, பக்கத்தில் இருக்கிற கோபியும் போகவில்லை. கோயம்புத்தூர் பீளமேட்டு விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போனால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நிற்பான். ஆனால் ஆத்தப்பன் "நான் போறேன்" என்று சொன்ன அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டான். ஆட்டிய தலையை மறுபடி எப்படித் திருப்புவது?

சேதியைக் கேட்ட ஆத்தப்பன் மேசைப் பக்கம் திரும்பினார். சாம்பிள்கள் ஒன்பதும் மேசைமேல் மடித்துக் கிடந்தன. உடம்போடு ஒட்டும் ரிப் துணியில் மெரூன் பனியன், இன்டர்லாக் துணியில் வெள்ளை, பிரஸ் பட்டன் வைத்த காலர் பனியன், கோடு போட்டது, முழுக்கை, கடைசியாகத் தலைமூடி வைத்த தடித்த சட்டை என்று வரிசை. மெரூன்தான் ஹெல்கா ஆசையாகக் கேட்டது. அதுதான் கடைசியில் தயாரானதும். போகியன்றைக்குச் சாயப்பட்டறையில் ஆள்கள் எல்லாம் பொங்கலுக்கு ஊர் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். கலர் ஏறியாகிவிட்டது, ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுக்கிற சோப்பு வாஷைப் பொங்கல் கழித்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று பிழிந்து காயப்போட்டு ஓடிவிட்டார்கள். துணி பார்க்க ஜம்மென்று இருந்தது. சோப்பு வாஷ் பேச்சைப் பொங்கலுக்கு அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள்.

திடீரென்று ஆத்தப்பன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உடுத்தின துணிக்குத் தடையில்லைன்னு தானே நல்லான் சொன்னான்? அப்ப உடுத்திட்டே போறன். என்ன பண்ணுவாங்க, உரிச்சா எடுப்பாங்க?"

சொல்லிய கையோடு கோட்டைக் கழற்றி எறிந்தார். வெள்ளைப் பனியனை எடுத்துத் தலையில் மாட்டினார். இங்கேதான் கதை மாறியது. சாம்பிள்கள் எல்லாம் மீடியம் சைஸ். ஆத்தப்பனுக்கு ஊரில் தைக்கிற எந்த சைஸும் போதாது. தலை போயிற்று, ஒரு கை போயிற்று, அதோடு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மூஞ்சி துணிக்குள் மாட்டிக்கொண்டு ஒரு கை மட்டும் வெளியே ஆடியது. செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் முதலில் வாயைப் பொத்தினார்கள், அப்புறம் பொத்தவில்லை. இருவர் பிடித்து இழுத்தார்கள். துணி கிழிந்துவிடும், துணி கிழிந்துவிடும் என்று பசீர் கத்தினான். ஆளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இழுத்த இழுப்பு நின்ற ஒரு நொடியில், துணிக்குள்ளிருந்தே ஆத்தப்பனின் குரல் வந்தது.

"பசீரு. நல்லானுக்குப் போனப் போட்டு உம்பேரச் சொல்லு."

பசீர், "அண்ணா, பேப்பர்ல எல்லாம் வந்துருச்சுங்களே" என்றான்.

"பேப்பரையா அந்தம்மா போட்டுப் பாக்கும்? மொதல்ல என்னைய இதுலிருந்து வெளிய எடு."

வெளியே எடுத்தபோது ஆத்தப்பனின் முகம் சிவந்திருந்தது. பனியன் பிடித்து இறுக்கியதால் சிவந்ததா, வேறு எதனாலா என்று பசீர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை.

ஒத்திகை உடனே ஆரம்பமாயிற்று. இறுக்கமானது உள்ளே, தொளதொளப்பானது வெளியே என்று முடிவு செய்தார்கள். ஆக மெரூன் உடம்போடு ஒட்டி முதலில் ஏறியது, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் காலர், அப்படியே வரிசையாகத் தலைமூடிச் சட்டை வரை. துணியிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் கண்ணிலும் அளவுதான் பட்டது. சாயம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒன்பதும் ஏறியதும் பசீர் இரண்டு கையையும் கீழே போட முடியாமல் கூண்டிலிருந்து தப்பிய பிராய்லர் கோழி மாதிரி நின்றான். செக்கிங் பூவாத்தாள் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பாயி, கல்யாணத்தன்னைக்குக்கூட இத்தன துணி போட்டிருக்க மாட்டீங்க."

வீட்டில் மனைவி சைதுன்னிசாவிடம் சொன்னபோது அவள் சந்தோசப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. கையைத் தூக்கு, குனி, உட்கார் என்று வரிசையாக வேலை வாங்கிவிட்டு, "ஏனுங்க, முதுகு அரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். மாற்றுச் சட்டைகளும் துண்டும் வைத்து ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தாள். அது போய்ச் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் கூட்டம். விளம்பரம் பார்த்த பல்லடத்துச் சொந்தங்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மாலை வாங்கியது ஆத்தப்பனுக்கு. கோட்டுப் போட்டு நின்றது ஆத்தப்பன். வந்தவர்களில் பாதிப் பேர் யார் போகிறார் என்றே தெரியாமல் ஆத்தப்பன் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசீர் கழுத்தில் போட்டார். போட்டோ தன்னுடையது, பயணம் அவனுடையது என்று எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே விளக்கினார். பசீரால் குனிந்து மாலை வாங்க முடியவில்லை. திமிர் பிடித்தவன் என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். விமானம் நகர்ந்தபோது இவன் ஜன்னல் வழியே பார்த்தான். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டு நின்றது.

முதல் தடவையாக விமானம் தரையை விட்டபோது பசீரின் வயிறு தொண்டைக்கு வந்தது. பயமில்லை. இத்தனை வருசம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஒன்று இப்போது அவனைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே தோட்டங்கள் கட்டம் போட்ட துணி மாதிரி விரிந்தன. யாரையாவது பிடித்துச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தான்.

பம்பாயில் சந்தோசம் வியர்வையாக மாறியது. ஜனவரி என்றாலும் அந்த ஊரில் புழுக்கம் போகாது. பன்னாட்டு முனையத்தில் வரிசை வெளியே வாசல் வரை வந்திருந்தது. துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். ஒரு பெரிய பீப்பாய் நிறைய, பிடுங்கிய பேட்டரிகளும் கத்தரிக்கோல்களும் ஊறுகாய்ப் பாட்டில்களும். ஒரு அம்மாள் பையன் படிப்புக்குக் கொண்டுபோன புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருவர் நான்கு சட்டைப் பையிலும் கருவாட்டுப் பொட்டலம் திணித்துக்கொண்டு, மருந்து என்று சாதித்துக்கொண்டிருந்தார். ஊருக்குள் கெட்டிக்காரன் தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்த பசீருக்கு, நாடே இந்த வேலையில்தான் இறங்கியிருக்கிறது என்று புரிந்தது.

அவன் முறை வந்தது. போலீஸ் அதிகாரி கையிலிருந்த கருவியை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தார். அது கத்தியது. இன்னொரு தடவை கொண்டுவந்தார். இன்னும் பலமாகக் கத்தியது. சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. கத்துவது உள்ளே, மூன்றாவது அடுக்கில் இருந்த பிரஸ் பட்டன்கள். அதைச் சொல்லப் பசீருக்கு இந்தி வரவில்லை. எக்ஸ்போர்ட் என்றான், சாம்பிள் என்றான், திருப்பூர் என்றான். அதிகாரி நெஞ்சில் விரலால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். மனித உடம்பு அப்படி அமுங்காது. அடுத்த நொடி துப்பாக்கியோடு இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கழற்றச் சொன்னார்கள். தலைமூடிச் சட்டை போனது. முழுக்கை போனது. கோடு போட்டது போனது. அதிகாரி எண்ண ஆரம்பித்தார். ஆறாவதைத் தாண்டியதும் கடுகடுப்புப் போய் அவர் முகத்தில் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. பக்கத்து வரிசை அதிகாரியையும் கூப்பிட்டார். காலரைக் கழற்றியதும் கருவியை வைத்துப் பார்த்துப் பட்டன்தான் என்று தெரிந்துகொண்டார். அப்படியே விட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து வெள்ளைப் பனியன் கண்ணில் பட்டது.

அக்குள் இரண்டிலும், நெஞ்சிலும், முதுகிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

அதிகாரி ஒரு அடி பின்னால் போனார். ரத்தமா என்று இந்தியில் கேட்டார். அந்தச் சொல் பசீருக்குத் தெரியும். குனிந்து பார்த்தான். ரத்தமாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. மெரூன் இறங்கியிருந்தது. பம்பாய்ப் புழுக்கத்தில் அவன் உடம்பே சாயத்தொட்டியாகி, பக்கத்தில் இருந்த வெள்ளைக்கு இலவசமாகச் சாயம் ஏற்றிவிட்டது. போகியும், சோப்பு வாஷும், பையை மாட்டிக்கொண்டு நின்ற சாயப்பட்டறை ஆள்களும் எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மெரூனைக் கழற்றியபோது நெஞ்சு முழுக்கச் செம்மண் பூசியது போல் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினான். அதிகாரி தன் விரலால் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்து முடித்துக் கடிகாரத்தைக் காட்டினார். விமானம் காத்திருக்காது. உடுத்திக்கொள், போ. கையில் மட்டும் ஒன்றும் கூடாது.

எட்டைத் திரும்ப மாட்டினான், வெள்ளையை உடம்போடு ஒட்டி. மிச்சம் மெரூன். உள்ளே போட்டால் வெள்ளை ஒரேயடியாகப் போய்விடும். தலைமூடிச் சட்டைக்கு மேலே அந்த இறுக்கமான ரிப் ஏறவே ஏறாது. இரண்டு தடவை முயன்றான், ஆத்தப்பன் மாதிரியே மாட்டிக்கொண்டான். அதிகாரி பீப்பாயைக் காட்டினார். ஹெல்கா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதைப் பீப்பாயில் போட்டுவிட்டு அவள் முன்னால் எதற்குப் போய் நிற்பது?

பசீர் மெரூனை உதறினான். அதன் கையிரண்டையும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். பல்லடத்துச் சந்தைக்கு வருகிற விவசாயி மாதிரி தலையில் உருமால் கட்டினான். நுனியைக் காதோரம் செருகினான். அதிகாரி முன்னால் நிமிர்ந்து நின்றான்.

"உடுத்தியிருக்கேன் சார்" என்றான், தமிழிலேயே.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விதி தெரியும். கொஞ்ச நேரம் உருமாலையே பார்த்தார். பஞ்சாபியா என்று பக்கத்து ஆள் கேட்டார். அதிகாரி இல்லையென்று தலையாட்டிவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பசீர் ஓடினான். ஒன்பது பனியன் இல்லை, எட்டுத்தான், என்றாலும் ஓடுகிற உடம்பு அது இல்லை. வாத்து மாதிரி ஓடி, பெட்டியை விரலை நீட்டிக் காட்டி, கடைசி ஆளாகப் படியேறினான். சீட் பெல்ட் எட்டவில்லை. விமானப் பெண் இன்னொரு துண்டு பெல்ட் கொண்டுவந்து மாட்டினாள், பாவம் குண்டு உடம்பு என்று நினைத்திருப்பாள்.

விமானத்துக் கழிவறையில் எட்டையும் உரித்து, வெள்ளையை மட்டும் அந்தக் குட்டிச் சோப்பால் தேய்த்தான். சிவப்பு ரோஸ் ஆயிற்று. அதற்குமேல் இறங்கவில்லை. ஈரத்தோடு அதைப் போட்டு, மற்றதையும் மேலே மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். என்ன சொல்லலாம் என்று யோசித்தான். டீ கொட்டிவிட்டது என்று சொல்லலாம். விமானத்தில் தக்காளிச் சாறு கொடுத்தார்கள், அது கொட்டியது என்று சொல்லலாம். இரண்டையுமே ஆத்தப்பன்கூட நம்ப மாட்டார்.

பிராங்பர்ட்டில் பெட்டி வரவில்லை. துண்டு, சட்டை எல்லாம் பம்பாயில். பசீருக்கு உள்ளூரக் குதூகலம். நாம் நினைத்தது சரி, பெட்டியில் வைத்திருந்தால் செத்தோம் என்று தனியாக நின்று சிரித்தான். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. எட்டுப் பனியனும் ஒரு உருமாலுமாக அவன் ஒருவன்தான் அந்த ஊரில் குளிர் தெரியாமல் நடந்தான்.

ஹெல்கா வயதான, நெட்டையான அம்மாள். சாம்பிள் எங்கே என்று வெறுங்கையைப் பார்த்துக் கேட்டாள். பசீர் கழற்ற ஆரம்பித்தான். முதல் இரண்டு வரைக்கும் அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவதை மேசையில் வைத்ததும் எழுந்து கதவைத் திறந்து, ஆபீசில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாள். ஒவ்வொரு பனியனாக மேசைக்கு வந்தது, உடம்புச் சூட்டோடு. கன்னத்தில் வைத்துப் பார்த்து ஒரு பெண் என்னவோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தையலை இழுத்துப் பார்த்தார்கள், கழுத்தை விரித்துப் பார்த்தார்கள். ஹெல்கா மூன்றை ஒரு பக்கம் வைத்தாள், இன்னும் நான்கை அதே பக்கம் வைத்தாள். பசீருக்கு அந்தப் பக்கம்தான் நல்ல பக்கம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அப்புறம் மெரூன் எங்கே என்று கேட்டாள்.

தலையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். நிறத்தைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. மேசையிலிருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைக்கப் போனாள். நனைத்துத் தேய்த்தால் முடிந்தது. அவள் தேய்ப்பதற்குள் பசீர் ரோஸ் திட்டு விழுந்த வெள்ளையைக் கழற்றி மேசையில் விரித்தான். கலர் இறங்கும், சோப்பு வாஷ் கொடுக்கவில்லை, ஆள்கள் பொங்கலுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். பொங்கல் அவளுக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸ் மாதிரி என்றான். அது புரிந்தது.

அவள் சிரிக்கவில்லை. மெரூனைத் தள்ளி வைத்தாள். இந்த வாரத்துக்குள் நன்றாகக் கழுவிய மெரூன் ஒன்று போர்ச்சுகலில் தன் கைக்கு வந்தால் பார்ப்பாளாம், வராவிட்டால் அது இல்லை. வெள்ளைக்குப் புதிதாக ஒன்று வேண்டும். மற்ற ஏழுக்கும் ஆர்டர் இவர்களுக்கே, நேராக, இவர்கள் லேபிளில். சொல்லிவிட்டு, மேல் துணியில்லாமல் நெஞ்செல்லாம் சிவப்பாக நின்ற பசீரின் முன்னால் போனை நகர்த்தி வைத்தாள்.

திருப்பூரில் முதல் மணியிலேயே ஆத்தப்பன் எடுத்துவிட்டார். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பசீர் மூச்சு விடாமல் சொன்னான். ஏழு நமக்கு. சாயப்பட்டறைக்கு உடனே ஆள் அனுப்புங்கள், மெரூனை இரண்டு தடவை சோப்பு வாஷ் கொடுத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஆத்தப்பன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பின்னால் மெஷின்கள் நின்று, பெண்கள் சத்தம் போடுவது கேட்டது. அதற்கப்புறம் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அது கெடக்குது பசீரு. மேல ஏறுறப்ப வயித்துல எப்படி இருக்குது?"

சர்வதேசப் போன், அடுத்தவர் போன். ஹெல்கா எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள். பசீர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்றன் கேளுங்கண்ணா" என்றான். "மொதல்ல அது ஓடுதுங்க. நம்ம பல்லடம் பஸ் மாதிரித்தான் ஓடுது, ஒண்ணும் விசேசமில்லை. அப்புறம்..."